மேனேஜரை எதை வைத்து எடைபோடுவது: வெற்றிக் கணக்கா, எடுத்த முடிவுகளின் கணக்கா?

எங்கள் ஃபுட்பால் கிளப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆடியது 12, வென்றது 4, தோற்றது 8. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாள் தடைக்காலத்தில், பாம்பனிலிருந்து தொண்டி வரை நாங்கள் போன எட்டு டோர்னமென்ட்டின் மொத்தக் கணக்கு அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம். மூன்று வருடமாக டீம் மேனேஜராக இருக்கும் அண்ணனைத் தொடரச் சொல்வதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று அன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும்.

இளவட்டங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். "நோட்டே பேசுது மாமா, நாம பேச என்ன இருக்கு?" என்று ஒருவன் நேற்று ஏலக்கூடத்து வாசலில் வைத்துக் கேட்டான். அந்த நோட்டை எழுதியவன் நான். அந்த வரிக்குள் எது இருக்கிறது, எது விடுபட்டுப் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் கூட்டத்துக்கு முன்பே, மேனேஜரை அளக்க நம் கையில் என்னென்ன தராசு இருக்கிறது, எது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று எழுதிவைக்க நினைத்தேன்.

முதலில் மேனேஜர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். களத்தில் யார் எங்கே நிற்பது, எப்போது ஆளை மாற்றுவது என்பது கோச் வேலை. யாரை டீமில் சேர்ப்பது, எந்தப் போட்டிக்குப் போவது, வசூலான பணத்தை எதற்குச் செலவழிப்பது, வெளியூர் ஆளை இறக்குவதா வேண்டாமா என்பதெல்லாம் மேனேஜர் வேலை. இந்தப் பதவிக்கு முழு உருவம் கொடுத்தது அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற வேறொரு ஆட்டம். என்எஃப்எல் என்ற அவர்களுடைய லீகில் 32 அணிகள். அநேகமாக ஒவ்வொன்றிலும் ஜெனரல் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். கல்லூரி ஆட்டக்காரர்களில் யாரை எடுப்பது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது, சம்பள வரம்புக்குள் 53 பேரை எப்படி அடக்குவது என்று தீர்மானிப்பவர் அவர்தான். என் அக்கா மகன் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறான். அவன் புண்ணியத்தில் நான் நான்கைந்து வருடமாக ஞாயிறு இரவில் கண் விழித்து அந்த ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். நமக்கு வேண்டிய பாடம் பாதி அங்கேதான் கிடைத்தது.

வெற்றிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. அதை யாரும் வளைக்க முடியாது. மேனேஜர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எட்டு தோல்வி எட்டு தோல்விதான். காசு கொடுத்தவனுக்கும், வேலி ஓரம் நின்று பார்த்தவனுக்கும் ஒரே எண். கடலுக்குப் போய் வந்த படகைப் பார்த்து நாம் கேட்கிற முதல் கேள்வியும் "பாடு எப்படி?", அதாவது மீன் எவ்வளவு பட்டது என்பதுதானே. மற்ற எந்த அளவுகோலை எடுத்தாலும் அதற்குள் ஒருவர் தன் விருப்பத்தைப் புகுத்திவிட முடியும். இதில் முடியாது.

காலம் நீள நீள இந்த அளவுகோலின் பலம் கூடும். அதற்கு டெட்ராய்ட் லயன்ஸ் அணியே சாட்சி. மாட் மில்லன் என்பவர் ஆட்டக்காரராக நான்கு முறை சூப்பர் பவுல் என்ற என்எஃப்எல் இறுதிப் போட்டியை வென்றவர். மேனேஜர் அலுவலகத்தில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமலே 2001-இல் அந்த அணியின் முழுப் பொறுப்பையும் ஏற்றார். 2008 செப்டம்பரில் அவரை அனுப்பும்போது கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி. 115 ஆட்டம்! அத்தனை ஆட்டத்துக்குக் காற்றையும் காயத்தையும் காரணம் காட்ட முடியாது. இடையில் கோச்சுகள் மாறினார்கள், ஆட்டக்காரர்கள் மாறினார்கள், அவர் ஒருவர்தான் மாறவில்லை. அவர் போன பிறகும் அந்த வருடத்தை அணி 16 தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை என்று முடித்தது. இந்த மாதிரி இடத்தில் வெற்றிக் கணக்கே தீர்ப்பு. வேறு தராசு தேட வேண்டியதே இல்லை.

ஆனால் எங்கள் நோட்டில் இருப்பது 12 ஆட்டம். இங்கேதான் நான் இளவட்டங்களோடு முரண்படுகிறேன்.

ஒரு ரூபாய் நாணயத்தை 12 முறை சுண்டிப் பாருங்கள். பூவும் தலையும் சமமாக விழ வேண்டிய நாணயம்தான். ஆனாலும் பூ நான்கு முறையோ அதற்கும் குறைவாகவோ விழுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடக்கும். எதிராளிக்குச் சரிசமமான ஒரு டீம், எந்தக் குற்றமும் செய்யாமலே, ஐந்து தடைக்காலத்தில் ஒன்றை 4-க்கு 8 என்று முடித்துவிடலாம் என்று அர்த்தம். என்எஃப்எல்லில் இப்போது ஒரு வருடத்துக்கு 17 ஆட்டம். அங்கேயும் நடுத்தரமான அணி ஒன்று வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஆறு வெற்றிக்கு இறங்கவும் பதினொன்றுக்கு ஏறவும் முடியும். ஆறு வாங்கினால் மேனேஜருக்கு வேலை போகும், பதினொன்று வாங்கினால் சம்பளம் கூடும்.

நம்மூர் போட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. எல்லாமே நாக்அவுட். கோப்பையைத் தூக்காத டீம் எதுவானாலும், போன ஒவ்வொரு டோர்னமென்ட்டிலும் கட்டாயம் ஒரு தோல்வியோடுதான் ஊர் திரும்பும். எட்டுக்குப் போனோம், எட்டு தோல்வி. இரண்டுக்கு மட்டும் போயிருந்தால் தோல்வி இரண்டோடு நின்றிருக்கும். பையன்களுக்கு நிறைய ஆட்டம் கிடைக்க வேண்டும் என்று அண்ணன் எட்டுக்கும் பெயர் கொடுத்தார். அந்த நல்ல காரியம் நோட்டில் தோல்வியாக ஏறியிருக்கிறது.

அந்த எட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். மூன்று, சமநிலைக்குப் பிறகு பெனால்டி டை-பிரேக்கரில். மூன்று, ஒரு கோல் வித்தியாசத்தில். நன்றாக அடி வாங்கியது இரண்டில்தான். அந்த டை-பிரேக்கர்களில் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தது பழைய நைலான் வலை. பச்சையும் நீலமுமாக இரண்டு வலையை ஒட்டுப்போட்டுத் தைத்தது. இடது மூலையில் கண்ணி அறுந்து, ஒரு தேங்காய் தாராளமாகப் போகிற அளவுக்கு ஓட்டை. இரண்டாவது பாதியில் எங்கள் பையன் அடித்த பந்து போஸ்ட்டுக்கு உட்புறமாகப் போய், வலை கொஞ்சமும் உப்பாமல், அந்த ஓட்டை வழியாகவே வெளியேறி மணலில் உருண்டது. ரெஃப்ரி தூரத்தில் நின்றார். பந்து வெளியே என்று கையை வீசிவிட்டார். போஸ்ட் ஓரம் நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் "கோலு, கோலு" என்று கத்தினார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது, டை-பிரேக்கரில் தோற்றோம். நோட்டில் அது "தோற்றது" என்ற பத்தியில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேனேஜரை எப்படிப் பொறுப்பாக்குவேன்?

இதைவிட எனக்கு மனம் கனக்கிற விஷயம் கோல்கீப்பர். எங்கள் முதல் கீப்பர் மார்ச் மாதம் கடலில் பிடிபட்டு அக்கரையில் அடைபட்டுப்போனான். வீட்டுக்கு வந்து சேர்ந்தது மே மாதக் கடைசியில். அதுவரை ஐந்து டோர்னமென்ட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் கோலில் நின்றான். அந்த ஐந்தில் ஒரு வெற்றி, ஐந்து தோல்வி. கீப்பர் திரும்பிய பிறகு மூன்று டோர்னமென்ட்டில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி.

இதே மாதிரி ஒன்று அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. பில் போலியன் என்பவர் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியைக் கட்டியவர். 1998-இல் பெய்ட்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரை, முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தார். 2003 முதல் 2009 வரை ஏழு வருடமும் தொடர்ந்து 12 வெற்றிக்குக் குறையவில்லை. 2006 பருவத்தில் சூப்பர் பவுலும் வந்தது. 2011-இல் மேனிங்குக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை. அந்த வருடம் முழுக்க ஆடவில்லை. அணி 2 வெற்றி, 14 தோல்வி. 2012 ஜனவரி பிறந்ததும் போலியனை அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 2015-இல், அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த கௌரவமான புகழரங்கில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். 2-14-இல் போலியனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கழுத்தில் மொத்த அணியும் தொங்குகிற மாதிரிக் கட்டியதும், மாற்று ஆளைத் தயார் செய்யாமல் விட்டதும் அவர் கணக்கில்தான் வரும். காயம் அவர் கையில் இல்லை. காயத்துக்கு முன்னேற்பாடு அவர் கையில் இருந்தது. இப்படிப் பிரிக்கிற வேலையை வெற்றிக் கணக்கு நமக்காகச் செய்து தராது.

பிறகு காலதாமதம். மேனேஜர் இன்று நடுவது எப்போது காய்க்கும்? மில்லன் விட்டுப்போன அதே லயன்ஸுக்கு 2021-இல் பிராட் ஹோம்ஸ் வந்தார். வந்த வேகத்தில் அணியின் பெரிய நட்சத்திரமான மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஜாரெட் காஃபையும் வரப்போகும் வருடங்களின் கல்லூரித் தேர்வில் முதல் சுற்று வாய்ப்பு இரண்டையும் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் வாங்கினார். ராம்ஸ் அதே பருவத்தில் சூப்பர் பவுல் வென்றது. லயன்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். அடுத்த வருடத் தொடக்கமும் 1-6. அதாவது 24 ஆட்டத்தில் நான்கே வெற்றி. அக்கா மகன் அந்த அக்டோபரில் போனில், "இந்த மனுஷனையும் அனுப்பிருவாங்க மாமா" என்றான். அனுப்பவில்லை. அந்த 2022-ஐ 9-8 என்று முடித்தார்கள். 2023-இல் 12-5, முப்பது வருடத்தில் முதல் முறையாகத் தங்கள் பிரிவில் முதலிடம். 2024-இல் 15-2.

அந்த 15 வெற்றிக்கான ஆட்கள் எப்போது வந்தவர்கள்? பெனே சூவல், அமோன்-ரா செயின்ட் பிரவுன் இருவரும் 2021 தேர்வில் வந்தவர்கள். பிரவுன் நான்காம் சுற்றில், 112-ஆவது ஆளாக. 3-13-1 என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்ட அதே வருடம்தான் 15-2-க்கு விதை விழுந்தது. 2022 அக்டோபரில் வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்து ஆளை மாற்றியிருந்தால், புதிதாக வருகிறவர் அறுத்துக்கொண்டு பேர் வாங்கியிருப்பார்.

நம் நாட்டிலும் ஒன்று சொல்கிறேன். 2019-20 ஐஎஸ்எல் கால்பந்து லீகில் சென்னையின் எஃப்சி முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கோச் ஜான் கிரகரி விலகினார், ஓவன் கோய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்கள். அணி நான்காவதாக அரையிறுதிக்குள் நுழைந்து, இறுதிப் போட்டி வரை போய் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றது. கோடையிலேயே வாங்கிவைத்திருந்த வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்தார். ஆட்களைச் சேர்த்தவரின் வேலையை நவம்பரில் அளந்தால் ஒரு விடை, மார்ச்சில் அளந்தால் இன்னொரு விடை. நடுவில் மாறியது கோச்.

சரி, வெற்றிக் கணக்கு மட்டும் போதாது என்றால் வேறு என்ன இருக்கிறது?

கோல் வித்தியாசம் ஒன்று. வென்றோமா தோற்றோமா என்பதோடு நிற்காமல், எவ்வளவில் என்று பார்ப்பது. டை-பிரேக்கரை விட்டுவிட்டால் எங்கள் டீம் போட்டது 15, வாங்கியது 17. 4-8 என்று கேட்கும்போது தெரிகிற டீமும், 15-17 என்று கேட்கும்போது தெரிகிற டீமும் ஒன்றா? இரண்டாவதுதான் நான் பார்த்த டீம். இந்தத் தராசு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2022-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 13-4 என்று முடித்தது. எட்டுப் புள்ளி அல்லது அதற்குள் முடிந்த ஆட்டம் பதினொன்று, பதினொன்றிலும் வெற்றி. ஆனால் மொத்தமாக எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகமாக இருந்தும் 13 வெற்றி! பிளே-ஆஃப் என்ற கடைசிக்கட்ட நாக்அவுட்டில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறி, அடுத்த வருடம் 7-10. அந்த வருடம் அவர்களுடைய குவார்ட்டர்பேக் நடுவில் காயம்பட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் அந்தப் பதின்மூன்று இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது என்பதை 424-உம் 427-உம் முன்னமே சொல்லிவிட்டன.

ஐரோப்பியக் கால்பந்தில் இதைவிட நுணுக்கமாக, அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கூட்டுகிறார்கள். 2014-15-இல் கோச் யூர்கன் கிளாப்பின் டார்ட்மண்ட் அணி ஜெர்மன் லீகில் குளிர்கால இடைவேளையில் 18 அணிகளில் 17-ஆவதாகக் கிடந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ஆய்வாளர்கள் வாய்ப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு, இது மோசமான அணி அல்ல, அதிர்ஷ்டம் கெட்ட அணி என்றார்கள். 2015 அக்டோபரில் லிவர்பூல் அவரையே கோச்சாக அழைத்தது. பின்னால் அவர் அங்கே கோப்பைகளை அள்ளியது ஊரறிந்தது. நமக்கு அந்த அளவுக்குக் கருவி கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கோட்டோரம் உட்கார வைத்து, கோலை நோக்கிப் போன பந்துகளை இரண்டு பக்கத்துக்கும் கோடு போடச் சொன்னால் போதும். அடுத்த வருடம் செய்யப் போகிறேன். ஆனால் இந்தத் தராசு அளப்பது டீம் எப்படி ஆடியது என்பதைத்தான். மேனேஜரைத் தனியாகப் பிரித்துக் காட்டாது.

அடுத்தது, கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்கிற கணக்கு. இது எனக்குப் பிடித்த தராசு, கணக்கு எழுதுகிறவன் என்பதாலும் இருக்கலாம். என்எஃப்எல்லில் 1994 முதல், 2010 ஒரு வருடம் போக, எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். அதோடு, முந்தைய வருடம் கடைசியில் நின்ற அணிக்குக் கல்லூரித் தேர்வில் முதல் வாய்ப்பு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே முதலோடு தொழில் செய்வதால், நான்கைந்து வருட வெற்றிக் கணக்கு அங்கே மேனேஜருக்கு ஓரளவு நியாயமான தராசுதான். ஐரோப்பியக் கால்பந்தில் அப்படியொரு சமன் கிடையாது. அங்கே சம்பளப் பட்டியல் பெரிதாக உள்ள அணிதான் நீண்ட ஓட்டத்தில் மேலே நிற்கும்.

ஸ்பெயின் அணியான செவியாவின் மோன்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அணியில் கோல்கீப்பராக இருந்தவர். 2000-இல், அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிக் கடனில் தத்தளித்தபோது, ஆள் சேர்க்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தானி ஆல்வெஸ் மாதிரி ஆட்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பெரிய விலைக்கு விற்றார். 2006, 2007, 2014, 2015, 2016, பிறகு 2020, 2023 என ஏழு முறை ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பை வந்தது. ஸ்பெயின் லீகை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை. ரியல் மாட்ரிட்டையும் பார்சிலோனாவையும் வைத்து அளந்தால் அவர் தோற்றவர். கையில் இருந்த காசை வைத்து அளந்தால், அவருக்கு நிகராக நிறுத்த எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

நம் கடற்கரையில் நடப்பது செவியா கதைதான். வருடத்துக்கு எங்கள் வசூல் எழுபதாயிரம் ரூபாய். படகுக்கு இவ்வளவு என்று வாங்குவது, திருவிழாவில் கிடைப்பது, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்புவது எல்லாம் சேர்ந்து. எங்களை 0-3 என்று அடித்த டீம் அன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் கேரளாவிலிருந்து நான்கு பேரை இறக்கியிருந்தது. அவர்கள் நால்வருக்கும் போன காசு எங்கள் ஒரு வருட பூட்ஸ், ஜெர்சி, வேன் வாடகைக்குச் சமம் என்று கேள்விப்பட்டேன்.

பணக் கணக்கைத் தொட்டதும் அண்ணன் மேல் எனக்குள்ள குறையைச் சொல்லிவிட வேண்டும். கடைசிக்கு முந்தின டோர்னமென்ட்டுக்கு அவரும் வெளியிலிருந்து ஒரு ஃபார்வர்டை இறக்கினார். வண்டிச் செலவோடு பதினாலாயிரம், வருட வசூலில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் போட்டியில் இரண்டு ஆட்டம் வென்றோம், அரையிறுதிக்குப் போனோம், ஊரே தூங்கவில்லை. இளவட்டங்கள் இன்றைக்கும் அதைத்தான் அண்ணன் செய்த ஒரே நல்ல காரியம் என்கிறார்கள். என் கணக்கில் மூன்று வருடத்தில் அவர் எடுத்த மிக மோசமான முடிவு அது. அந்த ஆள் மறுநாள் காலை பஸ் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஃபார்வர்டு பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே நின்று பார்த்தான்.

அந்த 17 வயதுக் கீப்பர் முடிவு இதற்கு நேர்மாறு. அப்போதும் வெளியிலிருந்து கீப்பர் இறக்கலாம் என்று பேச்சு வந்தது. அண்ணன் மறுத்தார். நான் காரணம் கேட்டேன். "அவன் இன்னும் எட்டு வருஷம் நிப்பான்யா. இப்ப அஞ்சு மேட்சுல கோல் வாங்கட்டும், அடுத்த வருஷம் வாங்க மாட்டான்" என்றார். வாங்கினான். தோற்றோம். பக்கத்துத் தெருவில் அவனைப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். ஆனால் ஐந்தாவது டோர்னமென்ட்டில் அவன் கிராஸ் பந்துக்கு வெளியே வந்து எடுத்த விதத்தைப் பார்த்தவர்கள், முதல் டோர்னமென்ட்டில் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்ற அதே பையனா என்று கேட்பார்கள்.

கெட்ட முடிவு, நல்ல பலன். நல்ல முடிவு, கெட்ட பலன். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வேண்டிய தராசு எதுவென்று பிடிபட்டது. மேனேஜரின் முடிவுகளை, அவை எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்த விஷயங்களை வைத்து அளப்பது. முடிவெடுக்கும்போதே காரணத்தை எழுதி வாங்கிக்கொள்வது, பலன் தெரிய வேண்டிய நாள் வந்ததும் எடுத்துப் பார்ப்பது.

படகு முதலாளிகளான நம் சம்மாட்டிகளில் விவரமானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு மாதப் பாடு சரியில்லை என்று எந்தச் சம்மாட்டியும் டிரைவரை மாற்றுவதில்லை. வாடைக்காற்று எழுந்து வடகடல் கலங்குவதற்கு முன்பே படகைத் தென்கடலுக்குக் கொண்டுவந்தானா? கச்சான் காற்று பிடித்ததும் திரும்பக் கொண்டுபோனானா? வலை கிழிந்து வந்தால் எங்கே, எதில் மாட்டியது என்று சரியாகச் சொல்கிறானா? கூட வந்த ஆட்கள் அடுத்த முறையும் அவனோடு போக நிற்கிறார்களா? இவ்வளவும் சரியாக இருந்து மீன் மட்டும் படவில்லை என்றால், "கடல் குடுக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த தங்கலுக்கு டீசல் அடித்துக் கொடுப்பார்கள். இதே ஆட்கள்தான் சாயங்காலம் பந்து விளையாட்டுக்கு வந்ததும் பாடு மட்டும் போதும் என்கிறார்கள்.

இந்தத் தராசிலும் ஓட்டை உண்டு. காரணம் சொல்லத் தெரிந்தவன் எதற்கும் காரணம் சொல்லிவிடுவான். அதிர்ஷ்டம் நல்ல பக்கமும் அடிக்கும், அதை அறிவு என்று எழுதிக்கொள்ளலாம். பின்னால் என்எஃப்எல்லின் மிகப் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடியை 2000-இல் நியூ இங்கிலாந்து அணி ஆறாம் சுற்றில், 199-ஆவது ஆளாக எடுத்தது. அவரை எடுத்தவர்களின் தீர்க்கதரிசனத்தைப் பலர் புகழ்கிறார்கள். ஆனால் அதே அணி அந்த வருடம் அவருக்கு முன்னால் ஆறு பேரை எடுத்திருந்தது. அவர் இப்படி வருவார் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அத்தனை நேரம் காத்திருப்பார்களா? அதனால் ஒரு தேர்வைப் பார்த்து ஆளை மெச்சவும் கூடாது, ஒரு தேர்வைப் பார்த்துத் தள்ளவும் கூடாது. மூன்று வருடத்தில் சேர்த்தவர்கள் எத்தனை பேர், அதில் இன்றைக்கும் ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று மொத்தமாக எடுக்க வேண்டும். அண்ணன் சேர்த்தது ஒன்பது பையன்கள். ஆறு பேர் இன்னும் ஆடுகிறார்கள், அந்த ஆறில் ஒருவன் மாவட்டத் தேர்வு வரை போனான். இருவர் படிக்க வெளியூர் போனார்கள். ஒருவன் சண்டை போட்டுக்கொண்டு போனான், அதில் அண்ணன் பக்கமும் தப்பு உண்டு.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லப் போவது இதுதான். வெற்றிக் கணக்கைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அதை மூன்று தடைக்காலத்துக்குச் சேர்த்துப் பார்ப்போம். முதல் வருடம் நான்கு டோர்னமென்ட்டில் ஒரு வெற்றி, போன வருடம் ஆறில் நான்கு, இந்த வருடம் எட்டில் நான்கு. மொத்தம் பதினெட்டு டோர்னமென்ட், ஒன்பது வெற்றி. இது நல்ல கணக்கு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் மில்லன் கணக்கு மாதிரித் தீர்ப்பெழுதும் நீளமும் அதற்கு இல்லை. அதற்குப் பக்கத்தில் 15-17-ஐ வைக்கிறேன், எழுபதாயிரத்தை வைக்கிறேன், ஒன்பதில் ஆறு பையன்களை வைக்கிறேன், பதினாலாயிரத்தையும் மறைக்காமல் வைக்கிறேன். என் வாக்கு அண்ணன் தொடர வேண்டும் என்பதற்கே. ஒரு நிபந்தனை: ஐயாயிரத்துக்கு மேல் வெளி ஆளுக்குச் செலவு என்றால் கமிட்டியில் கேட்டுத்தான். அடுத்த தடைக்காலத்தில் கீப்பர், ஃபார்வர்டு இரண்டு இடத்திலும் நம் பையன்களே நின்று, ஷாட் கணக்கிலும் கோல் கணக்கிலும் நாம் பின்தங்கினால், அண்ணனை மாற்றச் சொல்லி முதலில் கை தூக்குகிறவன் நானாக இருப்பேன். இதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன். "சரிதான்யா, எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் நான்கு பத்தி போட்டிருக்கிறேன்: தேதி, முடிவு, காரணம், பார்க்க வேண்டிய நாள். முதல் வரியும் அண்ணன் சொல்லச் சொல்ல ஏறிவிட்டது. 17 வயதுக் கீப்பரை அடுத்த வருடம் முதல் கீப்பராக நிறுத்துவது. பழைய கீப்பர் கடல் வேலை போக மீதி நேரத்தில் அவனுக்குப் பழக்குவது. காரணம், பையன் இப்போது பந்துக்கு வெளியே வருகிறான். பார்க்க வேண்டிய நாள், அடுத்த ஜூன் 14.